மேக்கப் அக்காவுக்கு அங்பாவ்: கொடுத்தே ஆக வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் பினாங்குத் தீவிலிருந்து எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் திருமணம். காலை 7.30 முதல் 8.30 வரை ஜோர்ஜ்டவுன் கோயிலில் முகூர்த்தம், அன்று மாலையே பாயான் லெப்பாஸ் ஹோட்டலில் விருந்து. மணப்பெண் அலங்காரத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு மேக்கப் கலைஞர் உதவியாளர் ஒருவரோடு முதல் நாள் இரவே வந்துவிடுவார். பேசிய தொகை 2,600 ரிங்கிட், கட்டிய முன்பணம் 800. விலைப்பட்டியல் என்று தனியாக எதுவும் கிடையாது. “முகூர்த்தம், ரிசப்ஷன், தலை, புடவை எல்லாம் சேர்த்து 2,600, பாக்கி அன்னிக்கே” என்ற ஒரு வாட்ஸ்அப் வரிதான் ஒப்பந்தம்.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது: “அசிஸ்டன்டுக்கு எல்லாரும் 200 வெள்ளி அங்பாவ் வைப்பாங்க டா, மறந்திடாதீங்க.” (அங்பாவ் என்பது கவரில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்புப் பணம். வெள்ளி என்பது பேச்சு வழக்கில் ரிங்கிட்.) வாசகியும் பதிலுக்குக் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டார். அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு கிளம்பியது. “300 வெள்ளி கொடுத்திடு, இல்லாட்டி அவங்களுக்கு மனசு வந்து செய்ய மாட்டாங்க, உன் முகம்தானே” என்கிறார் அம்மா. அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகள் 20 விழுக்காடுதான் முறை என்கிறார். கணக்குப் போட்டால் 520 ரிங்கிட். “சொந்தத் தொழில் செய்றவங்களுக்கு எதுக்கு டிப்ஸ்? அதுவும் ஹோட்டல்ல 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் கட்டுறோமே” என்பது மாப்பிள்ளையின் வாதம். வாசகி கேட்பது மூன்று: அங்பாவ் கட்டாயமா? கட்டைவிரல் போட்டதால் மாட்டிக்கொண்டேனா? வேலை சரியில்லை என்றால் பாக்கியில் பிடித்துக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: கட்டாயம் இல்லை. சட்டத்திலும் இல்லை, நம் ஊர் வழக்கத்திலும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அங்பாவ் அல்ல, அந்த ஒற்றை வாட்ஸ்அப் வரி. அதற்கு வருமுன் உங்களைச் சுற்றி நின்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லும் மூவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க அக்காவின் 20 விழுக்காடு அவர் ஊருக்குச் சரி. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து இதுதான். மற்றவர்களுக்கோ 7.25 டாலர். நடுவிலுள்ள பள்ளத்தை வாடிக்கையாளர் பணம்தான் நிரப்புகிறது. அந்தப் பழக்கம் அங்கே வேரூன்றி நிற்பதற்கு அது ஒரு காரணம். மலேசியச் சட்டத்தில் டிப்ஸ் வாங்குபவருக்கு என்று தனியாகக் குறைந்த கூலி கிடையாது. மாதம் 1,700 ரிங்கிட் என்பது டிப்ஸ் வாங்குபவருக்கும் வாங்காதவருக்கும் ஒன்றே. அதனால் விழுக்காட்டுக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

மாப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. ஹோட்டல் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று சர்வீஸ் சார்ஜ், மற்றது அரசாங்கத்தின் சேவை வரி. சர்வீஸ் சார்ஜ் ஹோட்டல் ஊழியர்களுக்கு உரியது. முதலாளி அதை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றமே 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அதில் ஒரு காசுகூட வெளியிலிருந்து வரும் மேக்கப் கலைஞருக்கோ அவர் உதவியாளருக்கோ போவதில்லை. ஆனால் தன் விலையைத் தானே வைக்கும் முதலாளிக்கு டிப்ஸ் அவசியமில்லை என்று அவர் சொல்வது நியாயம்.

அம்மாவின் பயம்தான் மூன்றிலும் கனமானது. தூரிகை எடுக்கும் முன்பே கவரை நீட்டினால் வேலை மெருகேறும் என்று நினைக்கிறார். உங்கள் முகம்தான் அந்தக் கலைஞரின் அடுத்த விளம்பரம், அம்மா மறந்தது இதைத்தான். கோயில் வெளிச்சத்தில் எடுக்கும் படம் அன்று இரவே அவர் பக்கத்தில் ஏறிவிடும். வேண்டுமென்றே கெடுத்துக்கொள்ள மாட்டார். மணப்பெண் அலங்காரம் கெடுவது பெரும்பாலும் மனசு கோணியதால் அல்ல, நேரம் போதாததால்.

விடிகாலைக் கணக்கு

முகூர்த்தம் 7.30 என்றால் 6.45-க்குக் கோயிலில் இருக்க வேண்டும். பயணம் 20 நிமிடம். வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து, நாலு படம் எடுத்துக் காரில் ஏற 15 நிமிடமாவது ஆகும். ஆக 6.10-க்கு அலங்காரம் முடிந்திருக்க வேண்டும். முகத்துக்கு ஒன்றரை மணி நேரம். சவுரி வைத்து ஜடை பின்னிப் பூ தைக்க 50 நிமிடம். பட்டுப்புடவைக்கு அரை மணி. நெற்றிச்சுட்டி, வங்கி, ஒட்டியாணம் என்று நகைக்கு 20 நிமிடம். ஒருவரே செய்தால் மூன்று மணி பத்து நிமிடம்; நீங்கள் 3 மணிக்கே நாற்காலியில் உட்கார வேண்டும்.

உங்கள் கலைஞர் 4 மணிக்குத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். தப்பில்லை. மீதி ஒரு மணி நேரத்தை உதவியாளர் சம்பாதித்துத் தருகிறார். புடவை மடிப்பை இரவே எடுத்து, தேய்த்து, கிளிப் போட்டு வைப்பது, ஜடைக்கான பூவை முன்கூட்டியே தைப்பது, கலைஞர் உங்கள் கண்ணுக்கு வேலை செய்யும்போது பின்னால் நின்று முடியைப் பார்ப்பது, நகையை அணியும் வரிசையில் அடுக்குவது எல்லாம் அவர் வேலை.

இப்போது அம்மா, அத்தை, தங்கை மூவருக்கும் “கொஞ்சம் போட்டுவிடுங்க” என்று கேட்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு முகத்துக்கு 40 நிமிடம், மூன்றுக்கு இரண்டு மணி. அது உதவியாளர் தலையில் விழுந்தால் உங்களுக்காக அவர் மிச்சப்படுத்திய ஒரு மணி நேரம் காணாமல் போகும். இமைமுடி கோணலாக ஒட்டியிருக்கும், ஃபவுண்டேஷன் காய்வதற்குள் பவுடர் ஏறியிருக்கும், கோயில் புழுக்கத்தில் ஒன்பது மணிக்குள் மூக்கோரம் திட்டுத்திட்டாகப் பிரியும். அம்மா சொல்லும் 300 வெள்ளி அங்பாவ் இதைத் தடுக்காது. அதே 300-ஐக் கூடுதல் முகங்களுக்கான கூலியாகப் பேசி, இரண்டாவது உதவியாளரைக் கூட்டி வரச் சொன்னால் தடுக்கும்.

அடுத்தது கூறைப்புடவை. முகூர்த்தத்துக்கு நடுவில் எழுந்துபோய் மாற்றி வர உங்களுக்குக் கிடைப்பது கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். கட்டிவிட யார் வருவார்கள்? உதவியாளர் கோயிலுக்கு வருவதாக அந்த வாட்ஸ்அப் வரியில் இல்லை. வீட்டு வாசலோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைத்திருக்கலாம், கூடவே வருவார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இருவர் நினைப்பிலும் குற்றமில்லை. எழுத்தில் இல்லாததுதான் குற்றம்.

இப்படி விட்டுப்போனவை இன்னும் உண்டு: கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வந்துபோகும் செலவு, இரவு தங்கும் அறை, மல்லிகை வாங்கும் பொறுப்பு, செட் நகைக்கு வாடகை, முகூர்த்தத்துக்கும் மாலைக்கும் இடையே அவர்கள் எங்கே இருப்பார்கள், மாலை அலங்காரத்துக்கு எத்தனை மணிக்கு உட்கார வேண்டும். (7 மணி விருந்து என்றால் 4.30-க்குப் பிந்தினால் சிக்கல். காலையில் போட்ட ஹேர் ஸ்ப்ரேயை அவிழ்க்கவே அரை மணி போய்விடும்.)

விலை பேசாத வேலையைச் செய்துவிட்டுப் பிறகு தோன்றிய தொகையைக் கேட்டால்? பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் 56-வது பிரிவின்படி, விலை முன்பே நிர்ணயிக்கப்படாத சேவைக்கு நியாயமான விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. ஆனால் கல்யாணத்தன்று காலை நாலு மணிக்கு “நியாயமான விலை எது” என்று வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது. இன்றே பேசுங்கள்.

கட்டைவிரல் என்ன சொன்னது?

2023-ல் கனடாவின் சஸ்காச்சுவான் மாநில நீதிமன்றம், ஆளிவிதை விற்பனை ஒப்பந்தம் ஒன்றுக்கு விவசாயி அனுப்பிய கட்டைவிரல் படமே சம்மதம்தான் என்று தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் இங்கேயும் மின்னணுச் செய்தி மூலம் ஒப்பந்தம் பிறக்கலாம் என்பதை மின்னணு வர்த்தகச் சட்டம் 2006 ஏற்கிறது. அதனால் அந்தப் படத்தை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது.

ஆனால் எதற்குச் சம்மதம் என்பதுதான் கேள்வி. ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 26-வது பிரிவுப்படி, மறுபயன் இல்லாத உடன்பாடு, சட்டமே சொல்லும் சில விலக்குகள் தவிர, செல்லாது. மறுபயன் என்றால் இதற்கு அது என்று பதிலுக்குக் கிடைப்பது. ஏற்கெனவே 2,600-க்கு ஒப்புக்கொண்ட அதே வேலைக்கு மேலே 200 அங்பாவ் என்றால், அந்த 200-க்குப் பதிலாக உங்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. அது அன்பளிப்பு வாக்குறுதி. கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. மாறாக, அந்த 200 கூறை மாற்றக் கோயிலுக்கு வருவதற்கு என்று அவர் சொல்லியிருந்தால் கதை வேறு. அது கூலி, உங்கள் கட்டைவிரல் ஒப்புதலாகிவிடும். குரல் பதிவை இன்னொரு முறை கேளுங்கள். நீங்கள் எழுதியனுப்பிய அளவில் அது அங்பாவ் மட்டும்தான்.

கொடுத்த பிறகு திரும்பக் கேட்க முடியுமா என்று யோசிக்க வேண்டாம். மனமுவந்து கையில் வைத்த அன்பளிப்பு வைத்ததுதான்.

அனுப்ப வேண்டிய செய்தி

சண்டைத் தொனி இல்லாமல், கணக்குச் சரிபார்ப்பது போல, இந்த வாரமே இப்படி எழுதலாம்:

“அக்கா, கணக்கை ஒரு தடவை சரிபார்த்துக்கலாம். மொத்தம் 2,600, 800 கட்டியாச்சு, பாக்கி 1,800. இதுல முகூர்த்தம், கோயிலுக்கு வந்து கூறை மாத்திவிடுறது, ரிசப்ஷன் எல்லாம் அடக்கமா? நீங்க வந்துபோற செலவு, ரூம், பூ, செட் நகை இதுல சேருமா, தனியா? அம்மா, அத்தை, தங்கச்சிக்கு ஆளுக்கு எவ்வளவு? அதுக்கு இன்னொரு ஆள் வருவாங்களா? அசிஸ்டன்டுக்குச் சொன்ன 200 வேலைக்கான கூலியா, அங்பாவா? கூலின்னா மொத்தத்துல சேர்த்து எழுதிடுங்க. அங்பாவ்னா அது எங்க சைடுல பார்த்துக்கிறோம்.”

கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்பாவ் என்றால் தொகையைத் தீர்மானிப்பது நீங்கள். பதில் குரல் பதிவாக வந்தால், அதன் சாரத்தை எழுதி “இதுதானே அக்கா?” என்று கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தேடும்போது எழுத்து ஒரு நொடியில் கிடைக்கும். நாலு நிமிடக் குரல் பதிவில் 200 எங்கே வருகிறது என்று தேடுவது தண்டனை.

யாருக்கு, எவ்வளவு, எப்போது

எல்லாம் பேசி முடித்த பிறகும் மனதாரக் கொடுக்க ஆசை என்றால் உதவியாளரிலிருந்து தொடங்குங்கள். இந்தத் தொழிலில் உதவியாளர்கள் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. வேலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள். விலை பேசும் இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. விடிகாலை தொடங்கி இரவு விருந்து வரை நிற்கும் ஒருவருக்கு 51 முதல் 101 ரிங்கிட் வரை என் கணக்கில் கௌரவமான தொகை. 200 என்பது உங்கள் விருப்பம், கடன் அல்ல.

கலைஞருக்குப் பணம் வைப்பதா என்பது உங்கள் மனசு. தாம்பூலத்தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு 51 அல்லது 101 வைத்துக் கொடுத்தால் அம்மாவுக்கும் நிறைவாக இருக்கும். அவர் கேட்ட 300-க்குள்ளேயே இரண்டு கவரும் அடங்கிவிடும். கல்யாணச் செலவில் கை கடித்தால் கலைஞரின் கவரைத் தாராளமாக விட்டுவிடலாம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களும், பெயர் போட்டு நாலு வரி உண்மையான பாராட்டும் அவருக்கு 101 வெள்ளியைவிட அதிக வேலை கொண்டுவரும்.

உதவியாளரின் கவரை அவர் கையிலேயே கொடுங்கள், கலைஞர் மூலம் வேண்டாம். சந்தேகத்தால் சொல்லவில்லை, இரண்டு கவரும் ஒரே கையில் போனால் எது யாருக்கு என்று அங்கேயே குழம்பிவிடும். மேலே பெயர் எழுதிவிடுங்கள். பாக்கி 1,800-ஐ வங்கி மூலம் தனியாகச் செலுத்தி ரசீதை அனுப்புங்கள். பாக்கியையும் அங்பாவையும் ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டு “எவ்வளவு கட்டினோம்” என்று பிறகு இரு பக்கமும் விழிப்பது வழக்கமாக நடப்பது.

நேரம்: மாலை அலங்காரம் முடிந்து அவர்கள் பெட்டியை மூடும்போது. காலையில் தூரிகை எடுக்கும் முன் வேண்டாம். அன்று உங்கள் கையில் மருதாணியும் மாலையும்தான் இருக்கும், பை இருக்காது. சித்தியையோ தங்கையையோ முன்பே பொறுப்பாக்குங்கள்.

இன்னொன்று, காசைவிட முக்கியமானது. நாலு மணிக்கு வந்தவர்களுக்குப் பசியாற ஏற்பாடு செய்யுங்கள். கோயிலில் பந்தி போடும்போது பெண்ணுக்குப் பொட்டு வைத்தவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஐந்தரைக்கு ஒரு சூடான டீயும் இட்லிப் பொட்டலமும் வந்தால் கை நடுங்காமல் ஐலைனர் இழுப்பார்கள்.

வேலை சரியில்லை என்றால்

அங்பாவைக் கொடுக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பாக்கி 1,800-ஐ மொத்தமாக நிறுத்திவைக்க அப்படி உரிமை இல்லை. சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு சொல்கிறது. அது மீறப்பட்டால், குறை எவ்வளவோ அவ்வளவுக்கு மதிப்புக் குறைத்து இழப்பீடு கேட்கலாம். உதட்டுச்சாயம் நீங்கள் நினைத்த நிறத்தில் இல்லை என்பதற்கு 1,800 ரிங்கிட்டைப் பிடித்தால், 5,000 ரிங்கிட் வரையிலான சிறுகோரிக்கை வழக்கை அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உங்கள் மேலேயே போடலாம். முழு நாள் வேலை செய்திருக்கிறார் என்பது அங்கே அவர் பக்கம் நிற்கும்.

ஆனால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், மாலை அலங்காரத்துக்கு வரவே இல்லை, ஒப்புக்கொண்ட கூறை மாற்றத்துக்கு ஆள் அனுப்பவில்லை என்றால் அது தெளிவான ஒப்பந்த மீறல். அன்றைக்கே படங்கள், நேரம், செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் எழுத்தில் புகார் சொல்லுங்கள். பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை உச்சவரம்பு 50,000 ரிங்கிட், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொதுவாக அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது; நீங்களே பேசலாம். தீர்ப்பாயத்தின் உத்தரவை மதிக்காமல் இருப்பது குற்றம். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் உங்கள் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

மிக அரிதாக நடப்பது ஒன்று: பாதி அலங்காரத்தில் “இன்னும் 300 வெச்சாத்தான் முடிப்பேன்” என்று சொல்வது. அந்த நிமிடத்தில் சட்டம் பேச வேண்டாம். தங்கையை விட்டு வங்கி மூலம் கட்டச் சொல்லுங்கள், ரொக்கம் வேண்டாம். கட்டியவுடன் “பேசிய விலையில் இது இல்லை, நீங்கள் வற்புறுத்தியதால் கட்டுகிறோம்” என்று அவருக்கே ஒரு செய்தி. அந்த ஒரு வரி இருந்தால் அது அன்பளிப்பு என்று பிறகு அவர் சொல்ல முடியாது. தீர்ப்பாயத்தில் அந்த 300-ஐத் திரும்பக் கேட்க வழி திறந்திருக்கும்.

உங்கள் கலைஞர் அப்படிப்பட்டவர் என்று குரல் பதிவை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். தன் உதவியாளருக்காக வாய்விட்டுக் கேட்கிறார், கேட்ட விதம்தான் கொஞ்சம் கூச்சப்படுத்துகிறது. செய்தியை அனுப்புங்கள். பதில் வந்ததும் மூன்று முகங்களுக்கான நேரத்தை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். தங்கையின் அலங்காரத்தை விட்டுவிட்டாலே 40 நிமிடம் மிச்சம்.